சுத்தியல் சொன்ன சேதி

ஆலங்காயம் பஸ் நிலையத்தில், ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். எதிரே ஜவ்வாது மலை நீலமாகக் கிடந்தது. நான் போகவேண்டியது பாதி வழியில் உள்ள காவலூர். பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது. ஆனால் டிரைவர் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். சக்கரம் சக்கரமாக நின்று, டயரில் ஓர் அடி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஓர் அடி என்று போட்டுக்கொண்டே வந்தார்.

எனக்கு முன்னால் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த கிழவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, எந்நேரந்தான் தட்டுவே? சந்தையிலே பானை வாங்கறவ கணக்கா!"

"பானை ஓட்டையானா சோறுதான் போவும் ஆயா. இது போனா நீ போவே, நானும் போவேன்" என்றார் டிரைவர், நிமிர்ந்து பாராமலே.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். 'ணங், ணங்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் பின் சக்கரத்தில் ஓரிடத்தில் 'டொக்' என்றது. டிரைவர் மறுபடியும் தட்டினார். மறுபடியும் 'டொக்'. சிரிப்பு நின்றுவிட்டது. ஆளனுப்பி மெக்கானிக்கை அழைத்து வந்து, விரிசல் கண்டிருந்த போல்ட்டைக் கழற்றி வேறு போல்ட் போட்டு, பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் பிரயாணிகள் டிரைவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனத்துக்குள் நானும் திட்டினேன்.

அன்று இரவு, ஆலங்காயத்தில் நான் தங்கியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். என் மனைவியின் சித்தப்பா வீடு அது. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்து ஆகாயத்தின் சுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காவலூரில் வானாராய்ச்சிக்கூடம் அமைத்ததே அதற்காகத்தானே? அங்கே 1986-ல் நிறுவிய 234 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆகாயத்தின் கீழே படுத்துக்கொண்டு நாங்கள் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக மினுக்கிக்கொண்டு போன ஓர் ஆகாய விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் உண்டு. பெரியவரின் பேரன் டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்க வேண்டியவன். எல்லோரும் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் கட்டிக்கொண்ட பிறகு, எஞ்சினில் ஏதோ பார்க்கவேண்டும் என்று இறக்கிவிட்டார்களாம். மூன்று மணி நேரமாக நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பதாகப் போன் செய்திருந்தான்.

"முன்னாடியே பார்த்து வைக்கக் கூடாதா மாப்பிள்ளை? சம்பளம் வாங்கிக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்?" என்று பெரியவர் பொரிந்து தள்ளினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "பத்ரகாளி படத்தில் நடித்ததே ஒரு பெண், விமானத்தில் எரிந்து செத்துப்போயிற்றே, அது எதனால் என்று உங்களுக்குத் தெரியுமா? கொட்டகையில் அந்தப் படம் பார்த்தபோது, திரையில் வருவது உயிரோடு இல்லாத பெண் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்புறம் படமே பார்க்க முடியவில்லை."

எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு யந்திர சாஸ்திரம் எதற்கு என்று நினைக்காதீர்கள். நான் படித்த வரையில் இதைப் போலக் கதை நிரம்பிய சாஸ்திரம் வேறொன்று இல்லை.

1976-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, பம்பாய் சாந்தாகுரூஸ் நிலையத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸின் காரவெல் விமானம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. வாலுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் ஒட்டியிருக்கும். கிளம்பியதும் ஓர் எஞ்சின் வெடித்தது. விமானி திருப்பிக்கொண்டு வந்து இறங்கப் பார்த்தார். அதற்குள் தீ பரவி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் உதவும் எண்ணெய் முழுவதும் வீணாகிவிட்டது. ஓடுபாதையைத் தொடுமுன் விழுந்தது. 89 பிரயாணிகள், 6 சிப்பந்திகள், ஆக 95 பேரில் ஒருவரும் தப்பவில்லை. நடிகை ராணி சந்திரா வெளிநாட்டில் நடன நிகழ்ச்சி முடித்துக்கொண்டு, தாயாரோடும் சகோதரிகளோடும் திரும்பிக்கொண்டிருந்தார். மகரிஷியின் நாவலை வைத்து ஏ. சி. திருலோகசந்தர் எடுத்துக்கொண்டிருந்த 'பத்ரகாளி'யில் அவர் கதாநாயகி. பாக்கி நின்ற காட்சிகளை அவர் சாயலுள்ள வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தார்கள்.

வெடித்தது எது? எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் வட்டுகள் இருக்கின்றன. திருகைக் கல் போன்ற வடிவம், ஆனால் சுற்றிலும் தகடுகள் செருகியிருக்கும். அவற்றில் பத்தாவது வட்டில் ஒரு விரிசல். அது பிளந்து, எஞ்சினின் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, எரிபொருள் குழாய்களை அறுத்தது. கொதிக்கும் எஞ்சின் மேல் எரிபொருள் பீச்சியடித்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒடிவதில்லை. இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை வளைத்தால், பதினோராவது தடவை கையோடு வந்துவிடுகிறது. மனிதனைப் போலவே உலோகமும் களைத்துப்போகிறது. விமானம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வட்டு முறுக்கேறுகிறது, இறங்கி நின்றதும் தளர்கிறது. கிளம்பி இறங்குவதை ஒரு சுற்று என்று கணக்கு வைக்கிறார்கள். வட்டின் ஆயுளை வருஷத்தால் அளப்பதில்லை, சுற்றுக்களால் அளக்கிறார்கள்.

இந்தக் களைப்பை உலகம் கண்டுகொண்டது விமானத்தில் அல்ல, ரயிலில். 1842 மே 8-ஆம் தேதி வெர்சேயிலிருந்து பாரிஸுக்கு வந்துகொண்டிருந்த ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறித் தீப்பிடித்தன. பிரயாணிகளின் பாதுகாப்புக்கென்று பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டும் வழக்கம் அப்போது இருந்தது. பூட்டிய கதவுகளுக்குள் ஐம்பது பேருக்கு மேல் வெந்து மடிந்தார்கள். உலகத்தைச் சுற்றி, தென்துருவப் பிரதேசம் வரையில் கப்பலோட்டிய தூமோன் தூர்வில் என்ற கடலோடி, மனைவி மகனோடு அந்த வண்டியில் இறந்தார். பனிக்கடலில் தப்பியவருக்கு உள்ளூர் ரயிலில் மரணம்! அதன் பிறகு பூட்டும் வழக்கம் போயிற்று. நல்ல இரும்பு ஏன் முறிகிறது என்ற கேள்வியும் பிறந்தது. பிரஷ்யாவின் ரயில்வேயில் இருந்த வோலர் என்ற இஞ்சினீயர் அச்சுக்களை லட்சக்கணக்கான தடவை சுழற்றிச் சுழற்றி, எத்தனை பாரத்தில் எத்தனை சுற்றில் முறிகின்றன என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்தார்.

ஆனால் சாஸ்திரம் வருவதற்குக் காத்திராமல் சுத்தியல் வந்துவிட்டது. என் சிறு வயதில் ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கும்போதெல்லாம், நீளக் காம்புள்ள சுத்தியலோடு ஒருவர் வண்டியின் ஓரமாகவே நடந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். நான் அதை ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன். விரிசல் இல்லாத சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் உள்ளது அடைத்த தொண்டையோடு பேசும். ஆலங்காயம் டிரைவரின் கம்பியும், சந்தையில் பானையைச் சுண்டுகிற விரலும் அந்தச் சுத்தியலின் தாயாதிகள்தாம்.

ஜெட் எஞ்சினின் வட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது. ஒளிரும் சாயத்தில் அதை நனைத்து, கழுவி, இருட்டறையில் புற ஊதாக் கதிரின் கீழே பார்க்கிறார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் பச்சைக்கோடாக மினுங்கும். காதுக்குக் கேட்காத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைப் பார்ப்பதும் உண்டு. அதுவும் தட்டிப் பார்ப்பதுதான், கேட்பதற்கு மட்டும் காது போதாது.

இந்தச் சோதனைகளை யார் செய்யச் சொல்கிறார்கள்? இதில்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. எஞ்சின் செய்த கம்பெனி, 'இந்தப் பகுதியைப் பாருங்கள், மாற்றுங்கள்' என்று சுற்றறிக்கை விடும். அது யோசனை. அதையே சர்க்கார் எடுத்து உத்தரவாகப் போட்டால் கட்டாயம். உத்தரவுப்படி செய்யாத விமானம் பறக்கக் கூடாது. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையை ஒட்டி, எஞ்சின் உருவான நாடு இப்படி ஓர் ஆபத்தைக் கண்டால் அதை ஓட்டுகிற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்தப் பொறுப்பைப் பார்க்கிறது. உத்தரவின் வாசகம் மகா வறட்சியானது. என்ன பழுது, எந்த எந்த வரிசை எண்ணுள்ள எஞ்சின்கள், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் அல்லது எத்தனை சுற்றுக்குள் என்று நாலு விஷயம். முதல் மூன்றையும் இஞ்சினீயர்கள் எழுதிவிடுவார்கள். நாலாவதான அந்த எண்ணிக்கை இருக்கிறதே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் ஒரு போயிங் விமானத்தின் எஞ்சினில் முன் விசிறியின் தகடு ஒன்று அடியோடு முறிந்தது. விமானம் பென்சகோலாவில் பத்திரமாக இறங்கியது. காரணம் உலோகக் களைப்பு. கம்பெனி யோசனைச் சுற்றறிக்கை விட்டது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார், இந்தத் தகடுகளை ஒலிக் கருவியால் சோதிக்கும்படி உத்தரவிடப் போவதாக நகல் வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. விமானக் கம்பெனிகள் சில, கெடு போதாது, கூட்டிக் கொடுங்கள் என்று எழுதின. ஐரோப்பாவில் 2018 மார்ச் கடைசியில் ஒன்பது மாதக் கெடுவோடு உத்தரவு வந்துவிட்டது. அமெரிக்க நகல் மேஜையிலேயே இருந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டல்லஸுக்குப் போன விமானத்தில் அதே மாதிரி எஞ்சினில், அதே மாதிரித் தகடு, அதே இடத்தில் முறிந்தது. சிதறிய துண்டுகளால் ஜன்னல் உடைந்து ஒரு பெண்மணி உயிரிழந்தார். அந்தத் தகடு 32,000 சுற்றுக்கு மேல் கண்டது.

மூன்றே நாளில், ஏப்ரல் 20-ஆம் தேதி, அவசர உத்தரவு பிறந்தது. 30,000 சுற்றைத் தாண்டிய எஞ்சின்களை 20 நாளுக்குள் சோதிக்க வேண்டும். உலகம் முழுவதிலும் அப்படி 681 எஞ்சின்கள் இருந்தன. எட்டு மாதமாக முடியாதது இருபது நாளில் முடிந்தது.

கெடு கேட்டவர்களை வில்லன்களாக்கிக் கதை எழுதினால் சுலபமாக எழுதிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. சோதனை செய்யும் ஆளும் கருவியும் வரிசையில் நிற்கும் விமானங்களுக்குப் போதாது என்று அவர்கள் எழுதியது பொய்யல்ல. முதல் தடவை ஒருவரும் சாகவில்லை என்பதும் உண்மை. ஒருவரும் சாகாத விபத்தை எத்தனை அவசரமாக எடுத்துக்கொள்வது? நம் ஊர் ஆற்றுப்பாலத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்?

வட்டுக்கும் தகட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தகடு முறிந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும்படி எஞ்சினின் கூடு கட்டப்படுகிறது. பெரும்பாலும் தாங்கிவிடும். வட்டு பிளந்தால் எந்தக் கூடும் தாங்காது. ஆகையால் பார்க்க எத்தனை நன்றாக இருந்தாலும், கெடு முடிந்த வட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கெடுவுக்கு உள்ளேயே பிளந்துவிட்டால்?

1989 ஜூலை 19-ஆம் தேதி அதுதான் நடந்தது. டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன டி.சி.-10 விமானத்தின் வால் எஞ்சினில் முன் விசிறியின் டைட்டானிய வட்டு வெடித்து, விமானத்தைத் திருப்பும் மூன்று எண்ணெய்த் தொகுதிகளையும் அறுத்தது. மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களைக் கூட்டியும் குறைத்துமே முக்கால் மணி நேரம் ஓட்டி, சியூ சிட்டியில் இறக்கினார்கள். 296 பேரில் 112 பேர் மாண்டார்கள். 184 பேர் பிழைத்தது அதிசயம். வட்டின் துண்டுகள் எங்கே விழுந்தன என்று தெரியவில்லை. கம்பெனி வெகுமதி அறிவித்தது. அக்டோபரில் அயோவாவில் மக்காச்சோளம் அறுவடை செய்துகொண்டிருந்த ஒரு குடியானவப் பெண்ணின் யந்திரம் எதிலோ இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தால், மண்ணில் பாதி புதைந்து அந்த வட்டு!

18,000 சுற்று ஆயுள் கொடுத்திருந்த வட்டு அது, 15,503-ல் பிளந்திருந்தது. உலோகத்தை உருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு கசடு அதில் தங்கிவிட்டிருந்தது. பதினேழு வருஷமாக அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் வளர்ந்துகொண்டே வந்தது. இனி வருவதுதான் முக்கியம். விபத்துக்குப் பதினேழு மாதம் முன்பு, 1988 பிப்ரவரியில், அந்த வட்டைக் கழற்றி, சாயத்தில் நனைத்து, இருட்டறையில் பார்த்திருக்கிறார்கள். அப்போது விரிசல் ஏறக்குறைய அரை அங்குலம் இருந்திருக்க வேண்டும் என்று விசாரணை சொல்லிற்று. பார்த்தவரின் கண்ணில் படவில்லை.

நான் ஒரு நாவல் எழுதினால் அவரை வைத்துத்தான் எழுதுவேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. இருட்டறையில் தனியாக நின்று வட்டு வட்டாகப் பார்க்கிற வேலை. நூறு வட்டில் ஒன்றுமிருக்காது, ஆயிரத்திலும் ஒன்றுமிருக்காது. ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒரு நாள் இருப்பதையும் இல்லையென்றே பார்த்துவிடுகிறது. களைத்துப்போனது உலோகம் மட்டுமல்ல. அந்த விபத்துக்குப் பிறகு வந்த உத்தரவுகளும் சீர்திருத்தங்களும் உலோகத்தை உருக்கும் முறையையும் பரிசோதனை முறையையும் மட்டுமல்ல, பரிசோதிக்கும் மனிதனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

நம் நாட்டுக்குத் திரும்புகிறேன். ஏர்பஸ் நியோ விமானங்களில் பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் புது எஞ்சின் வந்த புதிதில், ஒரு வரிசை எண்ணுக்கு மேற்பட்ட எஞ்சின்களில் ஒரு சிறு அடைப்பு வளையம் சரியில்லை என்று தெரிந்தது. இரண்டு எஞ்சினும் அப்படிப்பட்டவையானால் மூன்று சுற்றுக்கு மேல் பறக்கக் கூடாது என்று 2018 பிப்ரவரி 9-ஆம் தேதி ஐரோப்பா உத்தரவிட்டது. ஒன்று மட்டும் என்றால் பறக்கலாம். மார்ச் 12-ஆம் தேதி ஆமதாபாத்திலிருந்து லக்னோ கிளம்பிய விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் திரும்பி வந்து இறங்கியது. அன்றே நம் இயக்குநரகம், ஓர் எஞ்சின் அப்படியிருந்தாலும் கூடாது என்று 11 விமானங்களை நிறுத்திவிட்டது. மறுநாள் அறுபதுக்கு மேற்பட்ட சர்வீஸ்கள் ரத்து. நிலையங்களில் ஒரே கூச்சல். விழாத விமானத்துக்காக யாரும் நன்றி சொல்வதில்லை.

அடுத்த வருஷம் அதே எஞ்சினில் வேறொரு பகுதி. 2019 நவம்பர் 1-ஆம் தேதி, இண்டிகோவின் 97 விமானங்களிலும் பழைய எஞ்சின்களை 2020 ஜனவரி 31-க்குள் மாற்றவேண்டும் என்று உத்தரவு. ஜனவரி மே ஆயிற்று, மே ஆகஸ்டு ஆயிற்று. மாற்றுவதற்கு எஞ்சின் வேண்டுமே! இதற்கிடையே கொரோனா வந்து, விமானங்கள் தாமாகவே நின்றன.

2023 ஜூலையில் இன்னொன்று. 2015 கடைசியிலிருந்து 2021 வரையில் செய்த வட்டுகளில், உலோகப் பொடியில் கசடு கலந்திருக்கலாம் என்று கம்பெனியே சொன்னது. அயோவா சோளக்கொல்லையில் கிடைத்த அந்தப் புள்ளி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. சுமார் 1,200 எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்கவேண்டும், ஓர் எஞ்சின் போய்த் திரும்ப 250 முதல் 300 நாள் என்றார்கள். நம் நிலையங்களில் எஞ்சினில்லாத விமானங்கள் மூடிய முகத்தோடு வரிசையாக நின்றன. அதற்கு முன்பே, அந்த வருஷம் மே மாதம், கோ ஃபர்ஸ்ட் கம்பெனி, அதே கம்பெனியின் எஞ்சின்கள் சரியாக வராததுதான் காரணம் என்று சொல்லித் திவால் மனுப் போட்டுப் பறப்பதை நிறுத்தியிருந்தது. எஞ்சின் கம்பெனி அதை மறுத்தது. 2025 ஜனவரியில் கோ ஃபர்ஸ்டைக் கலைக்க உத்தரவாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் சம்பளம் நின்றது. ஒரு விமானத்தை நிறுத்துவதிலும் மனிதர்கள் அடிபடுகிறார்கள். கெடு எழுதும் உத்தியோகஸ்தரின் பேனா எவ்வளவு கனமாக இருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த இரவு மொட்டை மாடியில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காலையில் பஸ் டிரைவர் கம்பியால் தட்டின கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. பேரன்தான். வேறு விமானம் கொடுத்துவிட்டார்களாம், ஏறப்போகிறானாம்.

"அந்தப் பழைய விமானம்?" என்று கேட்டார் பெரியவர்.

"அங்கேயே நிற்கிறது தாத்தா. எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏணி போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

"எத்தனை பேர் பார்க்கிறார்கள்?"

"இரண்டு பேர்."

"நிதானமாகப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.